முத்திரை விழாத அறுபத்துமூன்று

வட நோர்வே
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

ஆண்டவர் காவலில் நான் சுகமாக இருக்கிறேன். உங்களுடைய முழங்கால் எப்படி? மகள் ஜென்சி இன்னும் ஆஸ்பத்திரி வேலைக்குத்தான் போகிறாளா? என் வலது காது முற்றாகப் போய்விட்டது, இடது காது அரைவாசி. தொலைபேசியில் நீங்கள் ஒன்று கேட்க நான் வேறொன்று சொல்கிறேன். அதனால் இனிக் கடிதம்தான்.

இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, குளிர் புகாமல் இருக்க வீட்டின் வடக்குச் சுவரைப் பிரித்தேன். பலகைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே சிறிய கடித உறைகள், எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வாக்குச் சீட்டு. 1933ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்த நாட்டில் நடந்த பாராளுமன்றத் தேர்தலின் சீட்டுகள் அவை. பக்கத்து வீட்டுக் குன்வோர் என்ற கிழவியின் தாத்தாதான் அந்தத் தேர்தல் பெட்டியைப் படகில் கொண்டுபோனவராம். குடித்துவிட்டு நாற்பத்தொரு வாக்கைக் கடலில் விட்டவர் என்று இந்தச் சின்ன ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இரண்டாவது, ஊரில் நம்முடைய பள்ளிக்கூடத்துக்கு நூறு வயதாகிறது. மொன்றியல் பழைய மாணவர் சங்கம் மலர் வெளியிடுகிறது. அதைத் தொகுக்கிற ஸ்ரீதரன் எனக்கு எழுதி, எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தல் நாளைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார். அன்றைக்கு அங்கே கடமையில் இருந்தவர்களில் எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான் என்றார். சம்மதித்துவிட்டேன்.

என் கடிதங்களை உங்களுக்கு யார் வாசித்துக் காட்டுகிறார்கள்?

அன்புத் தம்பி,
மரியதாசன்


கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
2 ஏப்ரல் 2025

தம்பி மரியதாசன் அறிய, அண்ணன் சவிரிமுத்து சொல்ல எழுதுவது.

நாங்கள் சுகம். முழங்கால் தன்பாட்டில் நோகுது, நான் என்பாட்டில் நடக்கிறேன். உன் காதுக்கு மிசின் வைக்கலாமே. அந்த நாட்டில் சும்மா தருவார்கள் என்று கேள்வி.

உன் கடிதத்தை முதலில் ஜென்சி வாசித்தாள். வேலைக்குப் போகிற அவசரம். "சித்தப்பா சுவர் திருத்துறாராம், சுகமாம், மலருக்குக் கட்டுரை எழுதுறாராம்" என்று முடித்தாள். இரண்டு பக்கம் நிறைய எழுத்து, அவள் வாசித்ததோ பஸ் ஒன்று நின்று வெளிக்கிடுகிற நேரம். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எவ்வளவு எழுத்துக்கு எவ்வளவு மூச்சு வேணும் என்று தெரியும். அடுத்த நாள் கீழ் மாடியில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு வாசிப்பித்தேன். அப்போதுதான் தகரப் பெட்டி வந்தது, படகுக்காரன் வந்தான். இனி இந்தப் பிள்ளைதான் வாசிக்கும், இந்தப் பிள்ளைதான் எழுதும். எழுதியதை மூன்று நாள் கழித்து இன்னொருக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தபாலில் போடுவேன். ஒரு சொல் மாறினாலும் பிடிப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் நாலு கேள்வி கேட்கிறேன். சுவரைப் பிரிக்கேக்கை உன்னோடு யார் நின்றது? அந்த வீடு முந்தி யாருடையது? அந்தக் கிழவிக்கு ஏன் சொல்லாமல் வைத்திருக்கிறாய்?

நாலாவது நகுலேஸ்வரன் மாஸ்டரைப் பற்றியது. உனக்குத் தெரிந்த கதைதான், எழுத்தில் கிடக்கட்டும் என்று சொல்லுகிறேன். அந்தத் தேர்தலில் நம்முடைய பள்ளிக்கூடத்துப் பெட்டியைத் திறந்தபோது அறுபத்துமூன்று சீட்டின் பின்பக்கத்தில் அரசாங்க முத்திரை இல்லை. அவ்வளவையும் கழித்துப் போட்டார்கள். முத்திரை குத்துகிற வேலை மாஸ்டருக்கு. வேதக்காரரின் மிசன் பள்ளிக்கூடத்தில் ஒரு சைவ வாத்தியார், எதிர்ப் பக்கத்துக்கு விலைபோய்க் குத்தாமல் விட்டான் என்று ஊர் சொன்னது. வேலை போனது. "குத்தாத வாத்தி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆள் இப்போது ரொக்ஸ்பரோவில் மகன் வீட்டில் இருக்கிறார், எண்பது வயதாகப் போகுது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு கலியாண மண்டபத்தில் யாரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அதற்குப் பிறகு தமிழ்ச் சனம் கூடுகிற இடத்துக்கு மனிசன் வந்ததில்லை.

வாயால் சொன்னது செத்தவர்களோடு போகும். அச்சில் வந்தது நிற்கும். அவரைப் பற்றி நீ என்ன எழுதப் போகிறாய்?

உன் அண்ணன்
சவிரிமுத்து, கீழே என் சிலுவை +


வட நோர்வே
25 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன். இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. காதுக்கு இயந்திரம் தந்தார்கள், அதில் காற்றுத்தான் கேட்கிறது.

நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். சுவரைப் பிரித்தபோது நான் தனியே இருந்தேன். வீடு முன்பு ஒரு மீன் வியாபாரியுடையது. ஊரில் பிடிபடும் மீன் முழுவதையும் அவர் ஒருவரே வாங்கினாராம், அவர் சொன்னதுதான் விலை. மீனவர்கள் அவருக்கு எதிரான பக்கத்துக்கு வாக்களித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அன்றைக்குக் காற்று பலமாக இருந்ததால் வாக்குகள் ஓர் இரவு அவருடைய வீட்டில் இருந்தன. மறுநாள்தான் குன்வோரின் தாத்தா படகில் கொண்டுபோனார். எண்ணும் இடத்தில் நாற்பத்தொன்று குறைந்தது. அந்த மனிதர் பிறகு இந்த ஊரில் படகே ஓட்டவில்லையாம். மற்றதை நீங்களே ஊகிக்கலாம்.

குன்வோருக்கு எழுபத்துநாலு வயது. என் வாசலில் பனி அள்ளிவிடுகிறவள் அவள். வெள்ளிக்கிழமைகளில் மீன் சூப் கொண்டுவருவாள். அவளிடம் போய்த் தொண்ணூற்றிரண்டு வருஷத்துக் கதையைக் கிளறினால் யாருக்கு நன்மை? இந்த ஊரில் நான் ஒருவன்தான் வெளி ஆள். அந்த வியாபாரியின் பேரப்பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள். பெட்டியை எரித்துவிடலாம் என்று யோசிக்கிறேன்.

மலருக்கான கட்டுரை பொதுவாக இருக்கும். அந்தக் கால உற்சாகம், வரிசையில் நின்ற சனம், இப்படி. நூற்றாண்டில் மனக்கசப்பு வேண்டாம் என்று ஸ்ரீதரனும் சொன்னார்.

கடிதம் எழுதுகிற அந்தப் பிள்ளை யார்? எந்த ஊர்?

அன்புடன்,
மரியதாசன்


கோட்-டெ-நெய்ஜ்
11 மே 2025

தம்பி மரியதாசன் அறிய,

சுகத்துக்கு நன்றி. இங்கே மரங்கள் துளிர்க்குது, எனக்கு இருமல்.

நாலு கேள்வி கேட்டேன். மூன்றுக்கு ஒரு பக்கம் நிறையப் பதில் வந்தது. நாலாவதுக்கு "பொதுவாக" என்று ஒரு சொல் வந்தது. எழுதுகிற பிள்ளையின் ஊரைக் கேட்டாய். நீ என்னுடையதுக்குச் சொல்லு, நான் உன்னுடையதுக்குச் சொல்லுகிறேன்.

போன மாதக் கடைசியில் இங்கே பாராளுமன்றத் தேர்தல். கீழ் மாடிப் பிள்ளை என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனது. இந்த நாட்டுச் சீட்டில் சின்னம் இல்லை. நம்முடைய ஊரில் சூரியனோ வீடோ பார்த்துப் புள்ளடி போடலாம். இங்கே பெயர்தான், வரி வரியாய். நான் நினைத்த ஆள் எத்தனையாம் வரி என்று ஜென்சியிடம் ஒருக்கா கேட்டேன், இந்தப் பிள்ளையிடம் தனியாய் ஒருக்கா கேட்டேன். இருவரும் ஒரே வரியைச் சொன்ன பிறகுதான் நம்பினேன். எழுதத் தெரியாதவருக்குத் துணையாய் ஆள் திரைக்குப் பின்னால் வரலாம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

மேசையில் இருந்த பெண் சீட்டைத் தந்தாள். நான் வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். அவளுடைய சின்னக் கையெழுத்து அங்கே கிடந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் பிரெஞ்சில் என்னவோ கேட்டாள். "என்ன பிழை எண்டு கேக்கிறா ஐயா" என்றது பிள்ளை. பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பிள்ளை கேட்டது, ஏன் ஐயா பின்பக்கத்தைப் பாத்தனீங்கள் என்று.

"ஒருக்கா பாத்திட்டும் சொல்லாமல் விட்டனான்" என்றேன்.

உனக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

தகரப் பெட்டியை எரிக்கிறதென்று இருந்தால் அன்றைக்கே எரித்திருப்பாய். எனக்கு ஏன் எழுதினாய்?

உன் அண்ணன்
சவிரிமுத்து +


வட நோர்வே
8 யூன் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

இருமலுக்கு மல்லி அவித்துக் குடியுங்கள். நான் நலம்.

கட்டுரையை ஸ்ரீதரனுக்கு அனுப்பிவிட்டேன். நகுலேஸ் விஷயத்தைத் தவிர்க்கவே விரும்பினேன். முதலில் மனக்கசப்பு வேண்டாம் என்ற ஸ்ரீதரனே பிறகு, அதை விட்டால் கட்டுரை முழுமையாகாது என்று வற்புறுத்தினார். ஆகவே ஒரே வரி: "வாக்குச் சீட்டுகளுக்கு இடவேண்டிய முத்திரை அன்று முழு நாளும் திரு. நகுலேஸ்வரன் அவர்களுடைய பொறுப்பிலேயே இருந்தது." இதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. விசாரணையில் பதிவானதும் இதுதான்.

அண்ணை, இந்த வயதில் நீங்கள் இதையெல்லாம் யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியாள் ஒருவரை வைத்து இப்படியான விஷயங்களை எழுதுவிப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டி கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இங்கே செப்டெம்பரில் தேர்தல், ஊர் முழுவதும் அதே பேச்சு. அது முடியட்டும் என்று இருக்கிறேன்.

மரியதாசன்


கோட்-டெ-நெய்ஜ்
29 யூன் 2025

தம்பி மரியதாசன் அறிய,

மல்லி குடித்தேன். இருமல் நின்றது.

ஸ்ரீதரன் போன கிழமை வந்தார். உன் கட்டுரையை வாசிக்கச் சொன்னேன். நல்ல கட்டுரை. மழை இல்லாத யூலை, வெள்ளை வேட்டி, கிழவிகளைக் கதிரையோடு தூக்கி வந்தது, எல்லாம் இருக்கு. அந்த ஒரு வரியை மட்டும் மூன்று தரம் வாசிப்பித்தேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் எனக்குப் பயமாய் இருக்கு. பொய் சொல்லுகிறவன் எங்கேயாவது தடுக்குப்படுவான். நீ ஒரு இடத்திலும் தடுக்குப்படவில்லை.

நான் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தேன். எனக்கு முன்னால் மீன் தரகர் மனுவேல், பின்னால் அவருடைய மகள். நீ நீலக் கோடு போட்ட சட்டை போட்டிருந்தாய், இடது கையில் ஒரு விரலுக்குத் துணி சுற்றியிருந்தாய். சீட்டைக் கிழித்து என்னுடைய கையில் நீயே தந்தாய். உனக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாய் இருந்தது. அதன் முதுகில் நகுலேசின் சால்வை தொங்கினது. ஆள் இல்லை.

ஆள் எங்கே போனார்? யார் போகச் சொன்னது? அதை எனக்கு இவ்வளவு காலமும் நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது உன் கேள்விக்குப் பதில். இதை எழுதுகிற பிள்ளையின் பெயர் வித்தியா. சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்குகிற தொழிற்சாலையில் வேலை. நகுலேஸ்வரன் மாஸ்டரின் மூத்த மகள். ஏப்ரலில் இருந்து எல்லாக் கடிதத்தையும் இதுதான் எழுதினது, உன்னுடைய எல்லாக் கடிதத்தையும் இதுதான் வாசித்தது. தகப்பனுக்கு ஊர் வைத்த பெயரைச் சொன்னபோதும் கை நிற்காமல் எழுதினது. வெளியாள் என்று நீ எழுதியதை எனக்கு வாசித்துவிட்டு, "அடுத்த பக்கம் வாசிக்கவோ ஐயா" என்று கேட்டது.

இதை வேண்டுமென்று செய்தேனா என்று நீ நினைப்பாய். ஓம், வேண்டுமென்றுதான் செய்தேன்.

சவிரிமுத்து +


கோட்-டெ-நெய்ஜ்
17 ஆகஸ்ட் 2025

தம்பி மரியதாசன் அறிய,

ஏழு கிழமையாய் உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. சுகமில்லையோ என்று ஜென்சி தொலைபேசி எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. காது கேளாதவன் எடுக்கமாட்டான் என்று அவள் சொன்னாள். மணி அடிக்கும்போது விளக்கு எரிகிற தொலைபேசி உன்னிடம் இருக்கு என்று இரண்டாயிரத்திருபத்துமூன்று தைப்பொங்கலுக்கு நீயே சொன்னாய். நான் மறக்கவில்லை.

போன கடிதத்தை எழுதி முடித்த பிறகு வித்தியா இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்தது. கடிதம் வந்ததோ என்று மட்டும் கேட்டது. இல்லை என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. வந்த கடிதத்தை நான் ஒளிக்கிறேனோ என்று நினைத்திருக்கும். என்னைப் போலவே யோசிக்கப் பழகிவிட்டது.

மலர் டிசம்பரில் அச்சுக்குப் போகுதாம். அதற்குப் பிறகு எழுதியும் பயன் இல்லை.

எரித்துவிட்டாயோ? தகரப் பெட்டியைக் கேட்கவில்லை. என்னுடைய கடிதங்களைக் கேட்கிறேன்.

உடம்பைக் கவனி.

சவிரிமுத்து +


வட நோர்வே
10 செப்டெம்பர் 2025

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு உண்டோ தெரியாது. ஆனாலும் கேட்கிறேன், முழங்கால் எப்படி?

உங்கள் கடிதங்களை எரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பதில் எழுதத் தொடங்கி, "அண்ணைக்கு" என்பதோடு நிறுத்தினேன்.

நேற்று முன்தினம் இங்கே தேர்தல். இந்த நாட்டில் ஒவ்வொரு கட்சிக்கும் தனிச் சீட்டு. திரைக்குப் பின்னால் போய், வேண்டிய சீட்டை எடுத்து மடித்துக்கொண்டு வரவேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் முத்திரையோடு இருப்பார். மடித்த சீட்டின் வெளிப்புறத்தில் அவர் குத்திய பிறகே பெட்டிக்குள் போடலாம். குத்தாவிட்டால் எண்ணமாட்டார்கள். மற்றத் தேர்தல்களில் யாரோ தெரியாதவர் இருப்பார், நான் முகத்தைப் பாராமல் நீட்டிவிட்டுப் போவேன். இம்முறை அந்த நாற்காலியில் குன்வோர் இருந்தாள்.

என் சீட்டில் குத்தினாள். மை சரியாகப் பிடிக்கவில்லை என்று இரண்டாம் தரமும் குத்தினாள். ஒருவருடையதும் வீணாகக்கூடாது, எங்கள் குடும்பத்துக்கு ஏற்கெனவே போதிய கெட்ட பெயர் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மீன் இறக்கும் துறையில் ஒரு மரப்பெட்டிமேல் இருந்தேன்.

நேற்றுக் காலை தகரப் பெட்டியை அவளிடம் கொண்டுபோனேன். சமையலறை மேசையில் உறைகளைப் பரப்பி எண்ணினாள். நாற்பத்தொன்றும் எண்ணி முடித்த பிறகு எப்போது கிடைத்தது என்று கேட்டாள். பெப்ரவரி கடைசியில் என்றேன்.

"இப்போது செப்டெம்பர்" என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். நான் வந்துவிட்டேன்.

இனி உங்களுடைய நாலாவது கேள்வி.

எழுபத்தேழாம் ஆண்டு யூலை இருபத்தொன்று. தலைமை அலுவலர் சாப்பிட மிசன் வீட்டுக்குப் போயிருந்தார். நகுலேசின் மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று ஓர் ஆள் சைக்கிளில் வந்து யன்னலில் சொன்னான். கடமையை விட்டுப் போவது குற்றம். நகுலேஸ் எழும்பவில்லை. "நீர் போம். நான் ரெண்டையும் பாக்கிறன், ஒருத்தருக்கும் தெரியவராது" என்று சொன்னது நான். முத்திரையை வெளியே விட்டுப் போகக்கூடாது என்று மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போனார். அப்போது இரண்டு மணி. உடனே சனம் நெருக்கியது. நான் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். லாச்சி என் நினைப்பில் வரவே இல்லை. அவர் திரும்பி வந்து லாச்சியைத் திறந்து முத்திரையை எடுத்தபோதுதான், நான் கொடுத்த சீட்டு ஒன்றிலும் முத்திரை இல்லை என்று எனக்கு உறைத்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "பெம்பிளைப்பிள்ளை" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விசாரணையில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள், முத்திரை யாருடைய பொறுப்பில் இருந்தது என்று. மாஸ்டருடைய பொறுப்பில் என்றேன். அவர் எனக்கு எதிரே நின்றார். தான் போனதைச் சொன்னால், போகச் சொன்னவன் நான் என்பதும் வந்துவிடும். அதனால் வாய் திறக்கவில்லை. நானே சொல்வேன் என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் நான் இந்த நாட்டின் மேல் நுனிவரை வந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அன்று பிறந்த பிள்ளை இதை இப்போது உங்களுக்கு வாசிக்கிறாள்.

மேலே எழுதியதை அப்படியே ஸ்ரீதரனுக்கான கட்டுரையாக மாற்றி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் நகுலேஸ் பார்க்கவேண்டும். அவர் சரி என்றால் அச்சிடட்டும்.

மரியதாசன்


கோட்-டெ-நெய்ஜ்
5 ஒக்டோபர் 2025

தம்பி மரியதாசன் அறிய,

தபால்காரர் வேலைநிறுத்தம் தொடங்க முதல் நாள் உன் கடிதம் வந்தது. இது எப்போது உன்னிடம் வந்து சேருமோ தெரியாது. நான் சுகம். நீ சாப்பிடு. அந்தக் கிழவி சூப் கொண்டுவராவிட்டால் நீயே சமை.

உன் கடிதத்தை வித்தியா தடங்கலில்லாமல் வாசித்தது. "பெம்பிளைப்பிள்ளை" என்ற இடத்தில் மட்டும் நிறுத்தித் தண்ணீர் குடித்தது. மூன்று நாள் கழித்து இரண்டாம் தரம் வாசிப்பித்தேன். ஒரு சொல்லும் மாறவில்லை.

நீ சொல்லிவிட்டாய். நான் முழுக்கச் சொல்லவில்லை. கதிரை வெறுமையாய் இருந்ததைச் சொன்னேன், சால்வையைச் சொன்னேன். சீட்டைச் சொல்லவில்லை.

நீ தந்த சீட்டை நான் அன்றைக்குத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாது. மை தெரியும். அதற்கு முந்தின தேர்தல்களில் போட்ட ஒவ்வொரு சீட்டின் பின்பக்கத்திலும் ஊதா மை இருந்தது. இதில் வெறும் வெள்ளை. கழித்துப் போட்ட அறுபத்துமூன்றில் ஒன்று என்னுடையது.

விசாரணைக்கு வந்த துரை கரைக்கு வந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என்னிடமும் கேட்டார். உம்முடைய சீட்டில் முத்திரை இருந்ததோ, யார் தந்தது என்று கேட்டார். நான் எழும்பித் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, "ஐயா, நான் எழுத்து வாசிப்பு அறியாதவன், எனக்கு உதுகள் விளங்காது" என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் போனார். எனக்குத் தெரியாத எழுத்து எனக்கு உதவி செய்தது அந்த ஒரு நாள்தான்.

உன்னைப் படிப்பிக்க நான் எட்டு வயதில் கடலுக்குப் போனவன். உன் வேலை போனால் நான் போனதும் வீண் என்று நினைத்தேன். உனக்கு ஆவணியில் கலியாணமும் பேசியிருந்தது. இதெல்லாம் காரணம்தான். நகுலேசுக்கும் ஒரு பிள்ளை பிறந்திருந்தது என்பது எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் வித்தியா பேனையை வைத்துவிட்டு யன்னலடியில் போய் நின்றது. நான் பொறுத்திருந்தேன். கீழே பஸ் மூன்று போனது. திரும்பி வந்து கதிரையில் இருந்தது.

"இதையும் எழுதவோ ஐயா?"

"ஓம். இதைத்தான் எழுத வேணும்."

எழுதினது. திருப்பி வாசிக்கச் சொல்லவில்லை. இதை மட்டும் நான் சரிபார்க்கப் போவதில்லை.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியையும், நீ எழுதின கடிதத்தையும், கட்டுரையையும் மாஸ்டரிடம் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணன்
சவிரிமுத்து +


மொன்றியல்
2 நவம்பர் 2025

மதிப்புக்குரிய மரியதாசன் மாஸ்டருக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நாங்கள் நலம். இதுவரை உங்களுக்கு வந்த கடிதங்களின் எழுத்தும் இந்தக் கடிதத்தின் எழுத்தும் ஒன்றாக இருக்கும். இந்த முறை சொல்வதும் நான்தான்.

போன ஞாயிறு ரொக்ஸ்பரோவுக்குப் போய் இரண்டு கடிதங்களையும் கட்டுரையையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டால் தானே வாசிப்பார். ஆனால் "நீ வாசி" என்றார். முழுவதையும் கேட்டார். சவிரிமுத்து ஐயா கரையில் சொன்ன பதிலைக் கேட்டபோது தலையை ஆட்டினார். அவருக்கு அது முன்பே தெரியுமோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கேட்டேன். "மேலே வாசி" என்றார்.

மன்னிப்பைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. உங்கள் இருவருக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமோ என்றதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஒரு கிழமை போய்விட்டது, இன்னும் யோசிக்கிறார்.

சவிரிமுத்து ஐயாவுக்காக இனி நான் கடிதம் எழுதமாட்டேன். அவரிடம் சொல்லிவிட்டேன். வருகிற கடிதங்களை வாசித்துக் காட்டுவேன். அப்பாவுக்கு அவர் சொல்ல வேண்டியது இருந்தால் கோட்-டெ-நெய்ஜிலிருந்து ரொக்ஸ்பரோவுக்குப் பஸ் இருக்கிறது.

கட்டுரையை அச்சிட அப்பா சம்மதிக்கிறார். ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது என்றார். அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொல்லி, என் கையிலிருந்து தாளை வாங்கி, "இரண்டு மணி" என்பதை வெட்டி "ஒன்றே கால்" என்று மேலே எழுதினார். நாற்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு முக்கால் மணித்தியாலத்தில் என்ன இருக்கிறது அப்பா என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டு மணிக்குப் போயிருந்தால் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் போயிருப்பன். நீ பிறந்தது ஒண்டே முக்காலுக்கு. மருத்துவிச்சி என்னை உள்ளுக்கு விடேல்லை. நான் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு வேலியடியிலை நிண்டனான். நீ அழுதது எனக்குக் கேட்டது. நான் அங்கை நிண்டனான். அதைப் பிழையாய் அச்சடிக்க வேண்டாம் எண்டு சொல்லு."

மலர் டிசம்பரில் அச்சுக்குப் போகிறது. தயவுசெய்து நேரத்தைத் திருத்தி, உங்கள் கையொப்பத்தோடு ஸ்ரீதரன் அவர்களுக்கு இந்த மாதத்துக்குள் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
நகுலேஸ்வரன் வித்தியா